பிரயன்ட் தெரு வரை: பில்லி எக்ஸ்டைன் ஊர்களில் ஐந்து நாள்

நாள் 1, செவ்வாய், நியூயார்க்

நியூ ஜெர்சியில் தங்கை வீட்டிலிருந்து காலை எட்டரைக்குக் கிளம்பினேன். "மாமா, லிபர்ட்டி சிலைக்கு டிக்கெட் போட்டுத் தரட்டுமா?" என்று தங்கை மகன் இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தான். "வேண்டாம்பா, கையில் இருப்பது ஐந்து நாள். அதை ஒரே ஆளுக்குக் கொடுத்துவிட்டேன்" என்றேன். யார் என்று கேட்டான். பில்லி எக்ஸ்டைன் என்றதும் முழித்தான். அவன் பிறந்த நாட்டுப் பாடகர்தான், ஆனால் பெயரைக்கூடக் கேட்டதில்லை. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. இந்தக் குறிப்புகளை அவனுக்காகவும்தான் எழுதுகிறேன்.

எக்ஸ்டைன் பாரிட்டோன் குரல்காரர். ஆண் குரல்களில் டெனருக்குக் கீழே, பேஸுக்கு மேலே உள்ள இடம் அது. நம் கணக்கில் சொன்னால் மந்திர ஸ்தாயியில் சிரமமே இல்லாமல் உலவுகிற குரல். அந்த ஆழத்தை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்கிறார் என்பதுதான் விசேஷம். ஒரு வரியின் கடைசிச் சொல்லில் வரும் உயிரெழுத்தைப் பிடித்துக் கார்வை கொடுப்பார். அந்தக் கார்வை நேர்க்கோடாக நிற்காது. முதலில் ஆடாமல் தொடங்கும், அப்புறம் மெதுவாக அகலமாக அசைய ஆரம்பிக்கும், மூச்சு முடிகிற நேரத்தில் வட்டம் இன்னும் பெரிதாகும். முதல் தடவை கேட்டபோது பாதி இட்லியைத் தட்டிலேயே விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். இருபது வருடம் ஆகிறது.

இன்று போன இடம் பிராட்வேயும் 49ஆம் தெருவும் சேரும் முனை. அங்கே இருக்கும் பிரில் கட்டடத்தைப் பாட்டெழுதுகிறவர்களின் கோட்டை என்று பலருக்குத் தெரியும். அதன் மாடியில் 1949இல் 'பாப் சிட்டி' என்ற ஜாஸ் கிளப் இருந்தது. இப்போது அதன் சுவடே இல்லை. பித்தளை வேலைப்பாடு செய்த வாசல் மட்டும் பளபளக்கிறது. எதிர்ப்பக்க நடைபாதையில் அரை மணி நேரம் நின்றேன். காரணம், அந்த கிளப்புக்கு வெளியே எடுத்த ஒரு புகைப்படம்.

1950 ஏப்ரல் 24 தேதியிட்ட 'லைஃப்' இதழ் எக்ஸ்டைனைப் பற்றி ஒரு கட்டுரை போட்டது. படம் எடுத்தவர் மார்த்தா ஹோம்ஸ். மதியம் பழைய இதழ்கள் விற்கும் ஒரு கடையில் அந்தப் பிரதியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். இதழ் பெரிய அளவு, காகிதம் ஓரத்தில் பழுத்திருக்கிறது, அன்றைய விலை 20 சென்ட். அந்தப் படத்தில் எக்ஸ்டைன் நடுவில் நிற்கிறார். அவரைச் சுற்றி வெள்ளைக்கார இளம்பெண்கள். ஒருத்தி சிரிப்புத் தாங்காமல் அவர் மேல் சாய்ந்திருக்கிறாள். அவரும் சிரிக்கிறார். இருப்பது அவ்வளவுதான். கச்சேரி முடிந்து வெளியே வந்த பாடகரும், சந்தோஷம் அடக்க முடியாத ரசிகைகளும்.

அந்தச் சிரிப்பு அவருக்கு மிகப் பெரிய விலை வைத்தது. பத்திரிகைக்குள்ளேயே அதைப் போடலாமா கூடாதா என்று பேச்சு எழுந்தது. போடலாம் என்று சொன்னவர் இதழின் அதிபர் ஹென்றி லூஸ். வெளிவந்த பிறகு கோபக் கடிதங்கள் குவிந்தன. ஒரு கறுப்பின ஆணின் மேல் வெள்ளைக்காரப் பெண் சாய்வதை 1950இன் அமெரிக்காவில் பலரால் பார்க்க முடியவில்லை. பாடகர் டோனி பென்னட்டும், பியானோ கலைஞர் பில்லி டெய்லரும் பின்னாளில் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். திறந்துகொண்டிருந்த கதவு அந்தப் படத்தோடு சாத்தப்பட்டது என்பதுதான் இருவரும் சொன்னதன் சாரம். ஹோம்ஸுக்கோ, தான் எடுத்த படங்களிலேயே மிகவும் பிடித்தது இதுதான்.

பக்கத்தைப் புரட்டிவிட்டு மறுபடி திருப்பிப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் கைவிரல்கள் அவர் கோட்டின் மேல் இருக்கின்றன. எந்த நடிப்பும் இல்லாத கை.

நாள் 2, புதன், வாஷிங்டன்

ரயிலில் மூன்றரை மணி நேரம். யூனியன் ஸ்டேஷனில் இறங்கி, மெட்ரோவில் ஒரு தடம் மாறி, ஷா ஹோவர்ட் நிலையத்தில் இறங்கி மேலே வந்தால் ஹோவர்ட் தியேட்டர் கூப்பிடு தூரம்தான். 1910இல் திறந்த அரங்கு. கறுப்பின மக்கள் முன்வாசல் வழியாக வந்து, நல்ல இருக்கையில் உட்கார்ந்து பார்க்க முடிந்த இடம் என்பதால் அதற்கு அப்படி ஒரு மரியாதை. நடுவில் பல வருடம் பாழடைந்து கிடந்து, 2012இல் புதுப்பித்துத் திறந்தார்கள். வாசலுக்கு அருகே, இந்த ஊரிலேயே பிறந்த டியூக் எலிங்டனின் சிலை இருக்கிறது. ஒரு பெரிய இசைக்குறியின் மேல் உட்கார்ந்து பியானோ வாசிக்கிற மாதிரி.

எக்ஸ்டைன் பள்ளிப் படிப்புக்காக இந்த ஊருக்கு வந்து, அப்புறம் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1933இல் இந்தத் தியேட்டரில் புதுமுகங்களுக்கான பாட்டுப் போட்டி நடந்தது. முதல் பரிசு அவருக்கு. படிப்பு அதோடு நின்றது. அப்போது அவர் புகழ்பெற்ற பாடகர் கேப் கேலோவேயைப் போலப் பாடிக்கொண்டிருந்தாராம். இரவல் குரலில் தொடங்கியவர், எப்போது தன் குரலைக் கண்டுகொண்டார் என்று யோசித்தபடியே பல்கலைக்கழக மேட்டில் ஏறி இறங்கினேன். வகுப்பு முடிந்த மாணவர்கள் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். பத்தொன்பது வயசு என்றால் இவ்வளவு சின்ன முகம்தான் என்பதைக் கண்ணால் பார்த்தபோதுதான் உறைத்தது.

இன்று கால் வலி. மீதியை நாளை ரயிலில் எழுதுகிறேன்.

நாள் 3, வியாழன், ரயிலில்

காலையில் துணி துவைத்தேன், வேறு ஒன்றும் இல்லை. சாயங்காலம் நான்கு மணிவாக்கில் பிட்ஸ்பர்க் ரயில் கிளம்பியது. நள்ளிரவில்தான் போய்ச் சேரும். ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் இரண்டு ஆறுகள் கூடும் இடத்தைப் பாலத்தின் மேலிருந்து பார்த்தேன். அதன் பிறகு மலைகள்தான். எழுத நேரம் நிறைய.

1939இல் எக்ஸ்டைன் சிகாகோவில் 'கிளப் டிலிசா'வில் பாடிக்கொண்டிருந்தார். பியானோ கலைஞர் ஏர்ல் ஹைன்ஸின் குழுவில் சாக்ஸபோன் வாசித்த பட் ஜான்சன், இவரை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஹைன்ஸிடம் சொன்னார். ஹைன்ஸும் பிட்ஸ்பர்க் பக்கத்து ஆள்தான், டுகேன் என்ற ஊர். 1940இல் 'ஜெல்லி ஜெல்லி' என்ற பாட்டைப் பதிவு செய்தார். புளூஸ், அதாவது கறுப்பின மக்களிடையே பிறந்த பாட்டு வகை. அமோக விற்பனை. பிரச்சினையும் அங்கேதான் தொடங்கியது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்தக் காலத்தில் கறுப்பினப் பாடகர் என்றால் புளூஸ் பாடலாம், ஆட்டம் போட்டுச் சிரிக்க வைக்கலாம். பாலட் என்கிற மெல்லிய காதல் பாட்டை ஒரு பெண்ணின் கண்ணைப் பார்த்துப் பாடுகிற மாதிரிப் பாடுவது வெள்ளைக்காரப் பாடகர்களுக்கு ஒதுக்கப்பட்ட வேலை. இசைத்தட்டுக் கம்பெனிகளும் அதையேதான் எதிர்பார்த்தன. எக்ஸ்டைன் மனசெல்லாம் பாலட்டில் இருந்தது. ஊர் அவரிடம் இன்னொரு புளூஸ் கேட்டது. எனக்கு 'ஜெல்லி ஜெல்லி' பிடிக்கும். ஆனால் அதில் குரல் பாதி வேலைதான் செய்கிறது. 1945இல் அவர் பாடிய 'எ காட்டேஜ் ஃபார் சேல்' போட்டுப் பாருங்கள். ஆளில்லாத வீட்டைப் பற்றிய பாட்டு. ஒவ்வொரு அறையாகக் கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சாத்துவது போல நிறுத்தி நிறுத்திப் பாடியிருப்பார். அது பத்து லட்சத்துக்கு மேல் விற்றது.

நடுவே சாரா வானைப் பற்றி. 1942இல் நியூயார்க் அப்பல்லோ அரங்கின் புதுமுகப் போட்டியில் ஜெயித்த சின்னப் பெண். அவரைப் பற்றி ஹைன்ஸிடம் எடுத்துச் சொன்னவர் எக்ஸ்டைன்தான். அடுத்த வருடம் அவரும் குழுவில் சேர்ந்தார். அதே 1943இல் அந்தக் குழுவில் டிரம்பெட்காரர் டிஸ்ஸி கில்லெஸ்பியும் சாக்ஸபோன்காரர் சார்லி பார்க்கரும் இருந்தார்கள். பார்க்கர் அப்போது வாசித்தது, அவருக்குப் பேர் வாங்கித் தந்த ஆல்டோ இல்லை, டெனர் சாக்ஸபோன். கேட்டால் ஆச்சரியமாக இருக்கும், ஆனால் நமக்குக் கேட்கக் கிடைக்காது. 1942 ஆகஸ்டில் தொடங்கிய இசைக்கலைஞர் சங்க வேலைநிறுத்தத்தால் பதிவுக்கூடங்கள் மௌனமாக இருந்த காலம் அது. ஜாஸில் ஒரு புது மொழி பிறந்துகொண்டிருந்த மாதங்களுக்கு ஒலிப்பதிவே இல்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறாது.

1944இல் எக்ஸ்டைன் சொந்தக் குழு தொடங்கினார். மூன்று வருடம்கூட முழுசாக ஓடவில்லை. ஆனால் அதில் வந்து போனவர்களைப் பாருங்கள்: டிஸ்ஸி, பார்க்கர், டெக்ஸ்டர் கார்டன், ஜீன் ஆமன்ஸ், சன்னி ஸ்டிட், ஃபேட்ஸ் நவாரோ, கென்னி டார்ஹம், மைல்ஸ் டேவிஸ், டிரம்ஸில் ஆர்ட் பிளேக்கி, பாட்டுக்குச் சாரா வான். பீபாப் என்கிற அந்தப் புது ஜாஸ் மொழிக்கு முதல் பெரிய குழு இதுதான். குழுவின் முன்னால் நின்று பாடுகிறவர் காதல் பாட்டுக்காரர், பின்னால் இருப்பவர்களோ ஜாஸையே தலைகீழாகப் புரட்டப் போகிறவர்கள். தனக்குக் கூட்டம் சேர்த்துத் தரும் சுலபமான வாத்தியக்காரர்களை வைத்துக்கொண்டு அவர் நிம்மதியாகப் பிழைத்திருக்கலாம். இவர்களைத்தான் வேண்டும் என்று வைத்துக்கொண்டார். வால்வ் டிராம்போனும் டிரம்பெட்டும் வாசிக்கத் தெரிந்தவர் என்பதால் பக்கத்தில் நடப்பது என்னவென்று அவருக்குப் புரிந்தது.

செயின்ட் லூயிஸில் நடந்ததை ஆர்ட் பிளேக்கி சொல்லியிருக்கிறார். வெள்ளையர் மட்டுமே வரும் 'பிளான்டேஷன்' கிளப்பில் கச்சேரி ஒப்பந்தம். குழுவினர் பின்வாசல் வழியாக வர வேண்டும் என்பது அங்கே விதி. எக்ஸ்டைனும் மற்றவர்களும் முன்வாசல் வழியாக நுழைந்தார்கள். ஒப்பந்தம் போனது. கறுப்பினத்தவர் வரும் 'ரிவியெரா' கிளப்புக்கு மாறினார்கள். பள்ளி முடித்த கையோடு அங்கே கேட்க வந்த பதினெட்டு வயசுப் பையன், டிரம்பெட்காரர் ஒருவர் உடம்புக்கு முடியாமல் போனதால், இரண்டு வாரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தான். மைல்ஸ் டேவிஸ்.

1947இல் குழு கலைந்தது. பெரிய குழுக்களுக்கே அது கஷ்ட காலம், அதிலும் ஜனங்கள் நடனமாட வந்த இடத்தில் இவர்கள் வாசித்தது உட்கார்ந்து கேட்க வேண்டிய இசை. அதே வருடம் எம்ஜிஎம் இசைத்தட்டுக் கம்பெனி எக்ஸ்டைனோடு ஒப்பந்தம் போட்டது. வயலின்கள் சூழ, அவர் ஆசைப்பட்ட பாலட்டுகள். 'எவ்ரிதிங் ஐ ஹாவ் இஸ் யுவர்ஸ்', 'மை ஃபூலிஷ் ஹார்ட்', 1951இல் 'ஐ அப்பாலஜைஸ்'. இளம்பெண்கள் வரிசையில் நின்றார்கள். பத்திரிகைகள் அவரை 'சீப்பியா சினாட்ரா' என்று எழுதின, அதாவது வெள்ளைக்காரப் பாடகர் ஃபிராங்க் சினாட்ராவின் பழுப்பு நிறப் பதிப்பு. பாராட்டு மாதிரித் தெரிகிற அவமரியாதை அது. அவர் யாருடைய நகலும் இல்லை.

கம்பர்லாண்டில் ரயில் நின்றது. சன்னலில் என் முகம்தான் தெரிகிறது. தூங்கப் போகிறேன்.

நாள் 4, வெள்ளி, பிட்ஸ்பர்க், ஹில் டிஸ்டிரிக்ட்

இந்த ஊருக்கு என்ன ராசியோ. ஏர்ல் ஹைன்ஸ், பில்லி எக்ஸ்டைன், ஆர்ட் பிளேக்கி, கென்னி கிளார்க், ராய் எல்ட்ரிட்ஜ், எரல் கார்னர், அகமது ஜமால் எல்லாரும் இந்த ஊர், இந்தச் சுற்றுவட்டாரம். பில்லி ஸ்ட்ரேஹார்னும் மேரி லூ வில்லியம்ஸும் வளர்ந்தது இங்கே. இரும்பாலைகளுக்காகத் தெற்கிலிருந்து வந்த குடும்பங்கள், பியானோ சொல்லித் தந்த பள்ளி ஆசிரியர்கள், ராத்திரி முழுக்க விளக்கெரிந்த வைலி அவென்யூ. இந்த மூன்றும் சேர்ந்தால் வேறென்ன நடக்கும்?

வைலி அவென்யூவில் நடந்தேன். கிராஃபோர்ட் கிரில் என்ற ஜாஸ் கிளப்பின் இரண்டாவது கிளை இருந்த கட்டடத்தின் வாசலில் நின்று மேலே பார்த்தேன். முதல் கிளை இருந்த பகுதி இன்றில்லை. 1950களின் பிற்பாதியில் ஹில் டிஸ்டிரிக்டின் கீழ்ப்பகுதி முழுவதையும் நகரச் சீரமைப்பு என்ற பெயரில் இடித்தார்கள். சுமார் 8,000 பேர் வீடு இழந்தார்கள். அங்கே எழும்பிய பெரிய உருண்டைக் கூரை அரங்கம் 1961இல் திறந்தது, அதையும் 2011-12இல் இடித்துவிட்டார்கள். வாகனங்கள் நிற்கும் தார்ப்பரப்பு நீண்டு கிடக்கிறது. யாரோ ஒருவர் முதல்முதலாகக் காதல் பாட்டு கேட்ட வரவேற்பறை இந்தத் தாருக்குக் கீழே எங்கோ இருக்கும்.

மதியம் ஓக்லாண்டில் கார்னகி கலை அருங்காட்சியகம். கறுப்பின மக்களின் பத்திரிகையான 'பிட்ஸ்பர்க் கூரியர்' இதழின் புகைப்படக்காரர் டீனி ஹாரிஸ் எடுத்த சுமார் 80,000 நெகட்டிவ்கள் இவர்களிடம்தான் இருக்கின்றன. 'ஒன் ஷாட்' என்று அவருக்குப் பட்டப்பெயர், ஒரே தடவைதான் அழுத்துவார். அந்தத் தொகுப்பை இணையத்திலும் தேடலாம். காபி வாங்கி வைத்துக்கொண்டு போனில் எக்ஸ்டைன் பெயரைப் போட்டுப் பார்த்தபடி இருந்தேன். 'லைஃப்' படத்தில் அவர் ஒரு செய்தி. ஹாரிஸின் கேமராவுக்கு முன்னால் அவர் ஊர்ப் பையன். தோள் இறங்கியிருக்கிறது.

நாள் 5, சனி, பிரயன்ட் தெரு

71பி பஸ்ஸில் ஏறினேன். பக்கத்து இருக்கையில் எண்பதைத் தாண்டிய கறுப்பினப் பெரியவர். எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டபோது எதற்குப் போகிறேன் என்றும் சொன்னேன். "மிஸ்டர் பி-யா!" என்று என் முழங்காலைத் தட்டினார். ரசிகர்கள் எக்ஸ்டைனை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அவர் பேசியது பாட்டைப் பற்றி இல்லை, காலரைப் பற்றி. எக்ஸ்டைன் போட்ட சட்டைக்கு ஒரு தனிக் காலர் உண்டு. உயரமாக எழும்பி, உருண்டு மடிந்து, டை முடிச்சின் மேல் 'பி' என்ற ஆங்கில எழுத்து மாதிரி இறங்கும். டிரம்பெட் ஊதும்போது கழுத்து புடைத்தாலும் காலர் பிரியாமல் விரிந்து கொடுக்கும். 1940களின் கடைசியில் இளைஞர்களிடம் அது பெரிய மோகம். பெரியவரின் அப்பா இரும்பாலைத் தொழிலாளி. கடையில் வாங்கக் கட்டுப்படியாகாது. அம்மா பழைய சட்டையின் காலரைப் பிரித்து, உள்ளே துணி கொடுத்து, அதே மாதிரி தைத்துத் தந்தாராம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு அப்பா அதைப் போட்டுக்கொண்டு போவார். சாயங்காலம் மஞ்சள் லேபிள் போட்ட எம்ஜிஎம் இசைத்தட்டு சுழலும். "அப்பா ஆலையில் சத்தத்தில் வேலை பார்த்தவர், வீட்டில் ரொம்பப் பேசமாட்டார்" என்றார். "அந்தப் பாட்டு ஓடும்போது மட்டும் அம்மாவைப் பார்த்துக்கொண்டு நிற்பார்." தன் கழுத்தருகே இரண்டு விரலால் அந்தக் காலரின் வளைவை வரைந்து காட்டினார். அதன் பிறகு அவர் நிறுத்தம் வந்துவிட்டது.

பிரயன்ட் தெரு 5913. நீலத்தில் பொன்னெழுத்துப் பலகை, பென்சில்வேனியா மாநிலம் வைத்தது. எக்ஸ்டைனின் அப்பா கார் ஓட்டுநர், அம்மா தையல்காரர். அம்மாவின் தொழிலை இதற்கு முன் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். இன்று அது வேறு மாதிரி கேட்டது. குடும்பப் பெயரை முதலில் ஆங்கிலத்தில் Eckstein என்றுதான் எழுதினார்கள், Eckstine ஆனது பிறகு. அப்பா வழித் தாத்தா பிரஷ்யாவில் பிறந்தவர். அமெரிக்காவின் நிறக் கோடு எவ்வளவு பொய்யானது என்பதற்கு இந்த ஒரு வீட்டுக் கதையே போதும்.

1950க்குப் பிறகு அவர் காணாமல் போய்விடவில்லை. இதை நான் அழுத்திச் சொல்வேன். 1957இல் சாரா வானோடு 'பாஸிங் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' பாடினார். 1960இல் லாஸ் வேகாஸ் மேடையில் பதிவான 'நோ கவர், நோ மினிமம்' இன்றைக்கும் கேட்பவர்களைக் கட்டிப்போடும். மேடையும் கூட்டமும் இருந்தன. சினிமாவில் காதல் நாயகனாக நிற்கும் வாய்ப்பு, சொந்தத் தொலைக்காட்சி நிகழ்ச்சி, அவர் குரலுக்கு வர வேண்டிய உயரம், இவைதான் வரவில்லை. எம்ஜிஎம் படமான 'ஸ்கர்ட்ஸ் அஹாய்' அவரை 1952இல் ஒரு பாட்டுக்கு மேடையில் நிறுத்தி அனுப்பிவிட்டது. 1992இல் பக்கவாதம். 1993 மார்ச் 8 அன்று, பிறந்த இந்த ஊரிலேயே காலமானார். வயது 78. கிராமி அமைப்பின் வாழ்நாள் சாதனை விருது 2019இல் வந்தது, அவர் போய் 26 வருடம் கழித்து.

தெருமுனையிலிருந்து ஹைலண்ட் பார்க் கொஞ்ச தூரம்தான். நீர்த்தேக்கத்தைச் சுற்றி நடைபாதை, நாய்களோடு ஆட்கள், தள்ளுவண்டிக் குழந்தைகள். பெஞ்சில் உட்கார்ந்து 1986இல் சாக்ஸபோன் கலைஞர் பென்னி கார்ட்டரோடு அவர் செய்த ஆல்பத்தைப் போட்டேன். எழுபத்திரண்டு வயதுக் குரல். பழைய மாதிரி நீளமாகப் பிடிக்க முடியவில்லை, வரியைச் சீக்கிரம் விடுகிறார். ஆனால் விடுகிற இடத்தில், கடைசி எழுத்தில், அந்த அசைவு இருக்கிறது. முதலில் ஆடாமல், அப்புறம் அகலமாக.

தங்கை மகனுக்கு அந்தப் பாட்டை அனுப்பினேன். "மாமா, இது யாரு?" என்று கேட்டிருக்கிறான். பலகையின் படத்தைப் பதிலாக அனுப்பிவிட்டு, பஸ் வர இன்னும் இருபது நிமிடம் இருந்ததால், நீர்த்தேக்கத்தை இன்னொரு சுற்று நடந்தேன்.